புற்றும் புல்வெளியும்

(சங்க மண்டபத்தில் அங்கத்தவர் முன்னிலையில் நிகழ்த்திய பேச்சு)



கறையான் என்ற பெயரைக் கேட்டவுடனே நம்மவர் முகம் சுளிப்பது இயல்பு. தீராந்தியை அரிப்பது அது. பெட்டகத்துக் கூறைச் சேலையை அரிப்பது அது. காணி உறுதிகளை அரித்துப் பிள்ளைகளை வழக்கு மன்றத்துக்கு அனுப்புவதும் அதுவே. இவற்றையெல்லாம் பொறுத்தாலும் ஒன்றைப் பொறுப்பது கடினம். நம் முன்னோர் பனையோலையிலே எழுதி வைத்த ஏடுகளுள் எத்தனை செல்லுக்கு இரையாயின என்பதை யாரே கணக்கிட வல்லார்? 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், ஏடு தேடி அலைந்தபோது கண்ட சிதைவுகளை நினைந்து தம் பதிப்புரைகளிலே மனம் வெதும்பி எழுதியிருக்கிறார்கள்.

அந்த வழக்கிலே கறையானுக்காக வாதாட நாம் எழுந்திருக்கவில்லை. ஆனால் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். கறையானை வெறுக்கும் நாம் அது கட்டிய புற்றை வெறுப்பதில்லை. புற்றுக்குப் பால் வார்க்கிறோம், வலம் வருகிறோம். திருவாரூரிலே இறைவனுக்குப் புற்றிடங்கொண்டார் என்பது திருநாமம். வான்மீகி என்ற பெயரும் புற்றை வைத்து வந்ததே. கட்டிய கொத்தனை ஏசிவிட்டுக் கட்டடத்தை வணங்குகிறவர்கள் நாம்! அந்தக் கொத்தன் உலகில் வேறெங்கே என்ன வேலை செய்கிறான் என்பதை இன்று சிறிது பார்ப்போம். அவன் வேலையைப் பார்ப்பதற்கு மிகச் சிறந்த இடம் ஆபிரிக்காவின் சவன்னா வெளி.

முதலில் ஒரு தவற்றைத் திருத்திக் கொள்ள வேண்டும். கறையானை ஆங்கிலேயர் நெடுங்காலம் வெள்ளை எறும்பு என்றே அழைத்தனர். அது எறும்பன்று, எறும்புக்கு உறவுமன்று. எறும்பு குளவிக்கும் தேனீக்கும் இனம். கறையானோ கரப்பான் பூச்சிக்கு இனம். இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 2007ஆம் ஆண்டிலே மரபணுக்களை ஒப்பிட்டு, கறையானுக்கெனத் தனி வரிசை வேண்டியதில்லை, அது கரப்பான் குடும்பத்துக்குள்ளே அடங்குவதே என்று காட்டினர். உலகிலே ஏறக்குறைய 3,000 வகைக் கறையான்கள் உண்டு. அவற்றுள் மனிதனுடைய வீட்டுக்கும் பயிருக்கும் கேடு செய்பவை சிறுபான்மையே. மற்றவை எல்லாம் காட்டிலும் வெளியிலும் தம் பாட்டிலே வாழ்பவை. ஒரு சிலர் செய்த குற்றத்துக்கு ஓர் ஊரையே மறியலில் வைத்தது போன்றது நம் தீர்ப்பு.

இனிச் சவன்னாவுக்கு வருவோம். பூமத்திய ரேகைக் காடுகளுக்கும் பாலைவனங்களுக்கும் இடையே பரந்து கிடக்கும் புல்வெளி அது. இடையிடையே உடை வேல மரங்கள் நிற்கும். ஆண்டிலே சில மாதம் மழை. எஞ்சிய மாதங்கள் கொடும் வரட்சி. மழைக்காலத்திலே புல் ஆளுயரம் வளர்ந்துவிடுகிறது. வரட்சி வந்ததும் அத்தனையும் காய்ந்து சருகாகி நிற்கிறது. இங்கேதான் கேள்வி பிறக்கிறது. காய்ந்த புல் மீண்டும் மண்ணாக வேண்டும். இல்லையேல் அடுத்த ஆண்டுப் புல்லுக்கு உணவில்லை. ஈரமான காட்டிலே இவ்வேலையைப் பங்கசும் பற்றீரியாவும் செய்கின்றன. அவற்றுக்கு ஈரம் இன்றியமையாதது. மாதக்கணக்காக ஒரு துளி மழையில்லாத வெளியிலே உக்குதல் என்ற தொழிலே நின்றுவிடுகிறதல்லவா? அப்போது மூவரே எஞ்சுகின்றனர். ஒருவர், வயிற்றுக்குள்ளே ஈரத்தைக் கொண்டு திரியும் மான், மரை, எருமை முதலிய மேயும் விலங்குகள். இரண்டாமவர் நெருப்பு. மூன்றாமவர் நம் கறையான்.

நெருப்பின் வேலை அவசர வேலை. அது நைதரசனைப் புகையாக வானத்துக்கு அனுப்பிவிட்டுச் சாம்பலை மாத்திரம் தரும். கறையானோ சருகைத் துண்டு துண்டாக வெட்டி நிலத்துக்குக் கீழே கொண்டுபோகிறது. அங்கே ஈரமும் இதமான சூடும் உள்ள அறைகளைத் தானே அமைத்துக்கொண்டிருக்கிறது. வெளியே எவ்வளவு வரட்சியாயினும் அதன் வீட்டுக்குள்ளே ஆண்டு முழுவதும் மாரிகாலம் எனலாம்.

அந்த அறைகளுக்குள் நடப்பது கமத்தொழில். சொல் அலங்காரத்துக்காக இப்படிக் கூறவில்லை. மக்ரோதேர்மிஸ், ஒடொன்தோதேர்மிஸ் என்ற இனத்துக் கறையான்கள் தாம் தின்ற சருகை முழுவதும் சீரணிப்பதில்லை. அரைகுறையாகக் கழித்து, அதைக்கொண்டு தேன்கூடு போன்ற அடைகளைக் கட்டுகின்றன. அந்த அடையிலே தேர்மித்தோமைசீஸ் என்ற பங்கசு வளர்கிறது. மரத்தின் வலிய நாரைக் கறையானால் கரைக்க முடியாது, பங்கசினால் முடியும். பங்கசு மென்மையாக்கிப் பதப்படுத்திய பழைய அடையைக் கறையான் உண்ணுகிறது. பங்கசுக்கு வீடும் உணவும் கிடைக்கின்றன. கறையானுக்குச் சமையற்காரன் கிடைக்கிறான். இந்த ஒப்பந்தம் ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆபிரிக்காவிலே தொடங்கியதென மரபணு ஆராய்ச்சியாளர் கணிக்கின்றனர். தன்சானியாவின் ருக்குவாப் பள்ளத்தாக்கிலே 2 கோடி 50 இலட்சம் ஆண்டுப் பழமையுள்ள, கல்லாய்ச் சமைந்த பங்கசுத் தோட்டங்கள் கண்டெடுக்கப்பட்டு, 2016இல் அச்செய்தி வெளியாயிற்று. மனிதன் ஏர் பிடித்து இன்னும் பதினைந்தாயிரம் ஆண்டு நிறையவில்லை.

மழை தொடங்கியதும் இந்தப் பங்கசு புற்றைப் பிளந்துகொண்டு காளானாக வெளிவரும். நம் நாட்டிலும் புற்றுக்காளான் பிடுங்கிக் கறி வைத்துண்டவர்கள் இச்சபையிலே இருப்பார்கள். அதுவும் இந்தப் பங்கசு இனமே. சாம்பியா நாட்டிலே தோன்றும் ஒருவகைப் புற்றுக்காளானின் குடை ஒரு மீற்றர் அகலம்வரை விரியும் என்றால் நம்புவீர்களா? ஒரு குடும்பத்துக்கு ஒரு காளான் போதும்.

புற்றின் அமைப்பைப் பற்றி அறிஞர் வியந்தது இன்று நேற்றன்று. சியாராலியோனிலே தங்கி ஆராய்ந்த ஹென்றி ஸ்மீத்மன் என்ற ஆங்கிலேயர் 1781இல் இலண்டன் றோயல் சங்கத்துக்குப் புற்றைக் குறித்து விரிவாக எழுதினார். பின்னர் 1961இல் சுவிற்சர்லாந்துப் பேராசிரியர் மாட்டின் லூஷர் ஒரு விளக்கம் சொன்னார். உள்ளே கூட்டத்தின் உடற்சூட்டினால் வெம்மையடைந்த காற்று மேலே எழுகிறது. புற்றின் புறச்சுவரிலுள்ள மெல்லிய குழாய்கள் வழியே இறங்கும்போது காபனீரொட்சைட்டை விட்டு ஒட்சிசனைப் பெறுகிறது. குளிர்ந்து அடியறைக்குத் திரும்புகிறது என்றார். அழகான விளக்கம், பல புத்தகங்களில் ஏறிற்று. ஆனால் ஸ்கொற் டேர்ணர் என்ற அமெரிக்க அறிஞர் புற்றுக்குள்ளே புரொப்பேன் வாயுவைச் செலுத்தி அது போகும் வழியை அளந்தபோது காற்று அப்படி ஒழுங்காகச் சுற்றவில்லை. வெளியே வீசும் காற்றின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பப் புற்று சுவாசப்பை போல இயங்குகிறது என்பது அவர் முடிவு. 2015இல் பெங்களூரிலே உள்ள புற்றுகளை அளந்த வேறொரு குழுவினர், பகலிலே வெயிலால் சுடும் புறக்குழாய்களிலே காற்று ஏறி நடுவிலே இறங்குகிறது, இரவிலே இதற்கு எதிர்மாறாக ஓடுகிறது என்று கண்டனர். இனமும் இடமும் வேறுபட்டால் வழியும் வேறுபடும் போலும். லூஷரின் பழைய விளக்கத்தின் போக்கிலே சிந்தித்து 1996இல் சிம்பாப்வேயின் ஹராரே நகரிலே மிக் பியர்ஸ் என்ற கட்டடக் கலைஞர் ஒரு மாபெரும் கட்டடம் எழுப்பினார். விளக்கம் பிழைத்தாலும் கட்டடம் குளிர்ச்சியாகவே இருக்கிறது!

புற்றின் வடிவிலே மயங்கி நின்றவர் பலர். எமக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது மண். ஒரு புற்றைக் கட்டுவதற்குக் கறையான் பல அடி ஆழத்திலிருந்து களியை வாயாலே கௌவி மேலே கொண்டுவருகிறது. எச்சிலைக் குழைத்துப் பூசுகிறது. அந்தக் களியோடு கல்சியம் முதலிய தாதுக்கள் மேல்நிலத்துக்கு வருகின்றன. நாலாபுறமுமிருந்து சேர்த்த சருகின் நைதரசனும் பொசுபரசும் புற்றிலே வந்து தங்குகின்றன. அகன்ற வெளியிலே மெல்லப் பரவிக் கிடந்த சத்தெல்லாம் ஒரே இடத்திலே குவிகிறது. மழை பெய்து புற்றுக் கரையும்போது அது சூழ உள்ள நிலத்துக்குப் போகிறது. ஆகவேதான் ஆபிரிக்காவின் பல பாகங்களிலே பழம்புற்றின் மீது மரம் தோப்பாக நிற்கும். சுற்றியுள்ள வெளியோ வெறும் புல்லாக இருக்கும். சிம்பாப்வேக் கமக்காரர் புற்றை வெட்டி அந்த மண்ணைத் தம் வயலுக்குப் பசளையாகப் பரப்புவர். சிம்பாப்வேயில் ஆராய்ந்தவர்கள் 2004இல் வெளியிட்ட கட்டுரையிலே, புற்றின்மேல் வளரும் மரங்களின் இலையிலே சத்து மிகுந்திருக்கிறது, யானைகளும் அந்த மரங்களையே கூடுதலாகத் தேடி ஒடித்து உண்கின்றன என்று காட்டினர். விஞ்ஞானி ஆய்கூடத்திலே அறிவதை யானை நாவினாலே அறிகிறது.

கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தாற்போல என்று நம்மவர் பழமொழி சொல்வார்கள். அதிலே ஓர் ஏக்கம் இருக்கிறது. உழைத்தவன் ஒருவன், அனுபவிப்பவன் வேறொருவன் என்று. சவன்னாவிலே குடிபுகுவோர் தொகையைப் பார்த்தால் நாகம் ஒரு பொருட்டன்று. குள்ளக் கீரிகள் குடும்பம் குடும்பமாகப் புற்றுப் பொந்துகளிலே வசிக்கின்றன. டோப்பி என்ற மான் புற்றின் உச்சியிலே ஏறி நின்று சிங்கம் வருகிறதா என்று பார்க்கிறது. சிவிங்கிப்புலியோ அதே உச்சியிலே ஏறி மான் நிற்கிறதா என்று பார்க்கிறது! மண்பன்றி என்று பெயர் பெற்ற ஆட்வாக் புற்றைத் தோண்டிக் கறையானைத் தின்கிறது. அது தோண்டிய குழியிலே காட்டுப்பன்றி படுக்கிறது. ஆட்வூல்ப் என்பது கழுதைப்புலிக்கு உறவு. எனினும் அதன் உணவு கறையானே. ஒரே இரவிலே 2 இலட்சத்துக்கு மேற்பட்ட கறையான்களை நாவாலே நக்கி உண்டுவிடும். ஈசல் பறக்கும் மாலையிலோ பறவை, தவளை, பல்லி, மனிதர் என்று எல்லோருக்கும் விருந்து. நம் வன்னிக் காட்டுக் கரடியும் புற்றை நம்பிப் பிழைப்பதுதான் என்பதை இவ்விடத்திலே நினைவூட்டலாம்.

இங்கே ஒரு வார்த்தை. இத்தகைய கூட்டங்களிலே எறும்பையும் தேனீயையும் காட்டி, பாருங்கள், எவ்வளவு சுறுசுறுப்பு, எவ்வளவு ஒற்றுமை, நீங்களும் அப்படி இருங்கள் என்று வாலிபருக்குப் புத்தி சொல்வது வழக்கம். அந்த வழியிலே நாம் போகப் போவதில்லை. கறையான் யாருக்கும் பாடம் சொல்வதற்காகப் புற்றுக் கட்டவில்லை. அது செய்வதன் விளைவே போதிய சுவையுள்ளது.

அவ்விளைவைக் கணக்கிட்டுக் காட்டிய இடம் கென்யாவின் லைக்கீப்பியா மேட்டுநிலம். அங்கே ம்பாலா என்னும் ஆராய்ச்சி நிலையம் உண்டு. கரிசல் மண், மழையிலே ஊறி வீங்கும், வெயிலிலே சுருங்கி வெடிக்கும். வேரையே அறுத்துவிடும் மண் அது. அந்த நிலத்திலே ஒடொன்தோதேர்மிஸ் கறையானின் புற்றுகள் உள்ளன. அவை கூம்பாக உயர்ந்தவையல்ல. பத்து, இருபது மீற்றர் அகலமுள்ள தட்டையான மேடுகள். நடந்து போகிறவன் கண்ணுக்கு அவை எளிதிலே புலப்படா. வானிலிருந்து எடுத்த படங்களிலோ, யாரோ கயிறு பிடித்துப் புள்ளி வைத்த கோலம் போல, 60 முதல் 100 மீற்றர் வரையான இடைவெளியிலே ஒழுங்காக அமைந்திருப்பது தெரிகிறது. ஒவ்வொரு கூட்டமும் தன் எல்லைக்காக அயற் கூட்டத்தோடு போரிடுவதனால் உண்டான ஒழுங்கு இது. பகையினாலே பிறந்த கோலம்!

ரொபேட் பிரிங்கிள் என்ற இளம் ஆராய்ச்சியாளரும் தோழர்களும் அங்கே சிறு பல்லிகளையும் சிலந்திகளையும் எண்ணினர். புற்றுக்கு அருகிலே அவை மிகுதி. தூரம் போகப்போகக் குறைந்தன. வேல மரங்களிலும் புற்றுக்கு அண்மையில் நின்றவை கூடுதலாகக் காய்த்தன. புற்று மண்ணிலே நைதரசனும் பொசுபரசும் அதிகம். அம்மண் கரிசல் போல வீங்கி வெடிப்பதுமில்லை. நீரை உள்ளே விடுகிறது. 2010இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின் முக்கிய செய்தி வேறொன்று. புற்றுகள் கண்டபடி சிதறிக் கிடந்தால் வெளிக்கு இவ்வளவு பயன் இல்லை; ஒழுங்கான இடைவெளியிலே இருப்பதனால் எந்த மரமும் எந்தப் பல்லியும் புற்றுக்கு வெகு தூரத்திலே இருப்பதில்லை; அதனால் முழு நிலத்தின் விளைவும் கூடுகிறது என்பதே அது. நம் ஊர்ப் பெரியவர்கள் கிணறுகளை எங்கெங்கே வெட்டுவது என்று பார்த்ததை எண்ணிக்கொண்டால் இது எளிதிலே விளங்கும்.

2015இல் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தார் கணித முறையிலே இன்னொன்றைக் காட்டினர். மழை குறைந்துகொண்டே போகும் நிலம் படிப்படியாக வாடாது. ஓர் எல்லைவரை தாங்கி நின்று பின் திடீரெனப் பாலையாகிவிடும். திரும்ப மழை வந்தாலும் பழைய நிலை எளிதிலே வாராது. ஆனால் புற்றுகள் உள்ள நிலத்திலே, சுற்றுமுற்றும் புல் மடிந்த பிறகும் புற்றின் மேலே புல் உயிர்தப்பி நிற்கும். மழை வந்ததும் அங்கிருந்து விதை பரவும். ஆகவே அத்தகைய நிலம் குறைந்த மழையிலும் தாக்குப்பிடிக்கும்; விழுந்தாலும் விரைவிலே எழும். விதைநெல்லைப் பத்திரப்படுத்தும் கோர்க்காலி போல வெளிக்குப் புற்று உதவுகிறது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஆபிரிக்கக் கமக்காரனும் கறையானால் நட்டப்படுகிறான். முற்றும் தறுவாயிலே உள்ள சோளன் பயிரை அடியிலே அறுத்துவிடும். மாட்டுக்கு வேண்டிய புல்லையும் சில வகைகள் தின்று தீர்க்கும். உலகிலே வெளியாகும் மெதேன் வாயுவிலே நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்குவரை கறையானுடையது என்பர். ஆனால் சோளன் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். ஆபிரிக்காவுக்கே உரிய இறுங்கும் கம்பும் கறையானை ஓரளவு தாங்கிக்கொள்ளும். மேலும், வயலிலே ஒரு சருகும் விடாமல் கூட்டி எரித்துவிட்டால் கறையானுக்குத் தின்ன எஞ்சுவது பச்சைப் பயிர் ஒன்றுதானே? இதை எண்ணாமல் நெடுங்காலம் டியெல்றின் போன்ற நஞ்சுகளை மண்ணிலே கொட்டினார்கள். அந்த நஞ்சு மண்ணிலும் உடற்கொழுப்பிலும் ஆண்டுக்கணக்கிலே தங்குவது. 2001இல் கையெழுத்தாகி 2004இல் நடைமுறைக்கு வந்த ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கை அதை விலக்கியது. அவுஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியிலே வரண்ட கோதுமை வயல்களில் ஒரு பகுதிக்குப் பூச்சிகொல்லி இட்டு, ஒரு பகுதியைக் கறையானுக்கும் எறும்புக்கும் விட்டுப் பார்த்தார்கள். விட்ட பகுதியிலே விளைச்சல் நூற்றுக்கு 36 பங்கு கூடியிருந்தது. இது 2011இல் வெளியான முடிவு. அவை துளைத்த துவாரங்கள் வழியே மழைநீர் மண்ணுக்குள் இறங்கியதே காரணம்.

இறுதியாக, இந்த விடயத்திலே வயிற்றுப் பிரச்சினையும் உண்டு என்பதைக் காட்டும் ஓர் இடத்துக்குப் போவோம். சகாராவின் தென்விளிம்பிலே புர்க்கினா பாசோ என்ற நாடு. அதன் வடக்கே யாத்தெங்கா மாகாணம். 1970களிலும் 80களிலும் அங்கே கொடிய வரட்சி. மேல்மண் போய், நிலம் சீமெந்துத் தளம் போல இறுகிவிட்டது. மழை பெய்தாலும் நீர் உட்புகாமல் வழிந்தோடிற்று. பஞ்சத்துக்கு அஞ்சிக் குடும்பங்கள் ஊரை விட்டுத் தெற்கே போயின.

கூர்கா என்ற கிராமத்தைச் சேர்ந்த யாக்கூபா சவடோகோ என்பவர் சந்தைக் கடையை விட்டு அந்த நிலத்துக்குத் திரும்பினார். பள்ளிப் படிப்பு இல்லாதவர். அவ்வூரிலே ஸாய் என்றொரு பழைய முறை உண்டு. கட்டாந்தரையிலே சிறு குழிகள் வெட்டி விதைப்பது. அவர் குழிகளை இன்னும் அகலமாக, ஆழமாக வெட்டினார். மழைக்கு வெகு முன்னரே, வரட்சிக் காலத்திலேயே வெட்டி, அதற்குள் மாட்டெருவையும் சருகையும் இட்டார். வெயிலிலே கட்டாந்தரையைக் கொத்துகிறவனைக் கண்டு ஊரார் பைத்தியம் என்றனர்.

எருவை நாடி வந்தவை கறையான்கள். மழை வருவதற்குள் அவை குழியின் அடியிலிருந்து நாலாபுறமும் சுரங்கம் அறுத்துவிட்டன. மண்வெட்டி பாயாத தரையைப் பூச்சி துளைத்தது! முதல் மழையின் நீர் அந்தச் சுரங்கங்கள் வழியே ஆழத்துக்கு இறங்கித் தங்கியது. எருவை அவை உக்கச் செய்திருந்தமையால் சத்தும் ஆயத்தமாக இருந்தது. இறுங்கும் கம்பும் விளைந்தன. எருவோடு வந்த மரவிதைகளும் முளைத்தன. அவற்றை அவர் பிடுங்காமல் விட, காலப்போக்கிலே பெருங்காடு உண்டாயிற்று. 1990களிலே அந்நாட்டு விஞ்ஞானி அப்துலாய் மண்டோ, இறுகிய நிலத்திலே சருகு மூடிய துண்டங்களிற் சிலவற்றுக்கு நஞ்சிட்டுக் கறையானை விலக்கிப் பார்த்தார். கறையான் புகுந்த துண்டங்களிலே செடிகள் செழித்தன, மரக்கன்றுகளும் வேரூன்றின. சருகு மாத்திரம் இருந்து கறையான் இல்லாதவை வெகுவாகப் பின்தங்கின.

சவடோகோ தம் நிலத்திலே ஆண்டுதோறும் சந்தை கூட்டி, அயலூர்க் கமக்காரருக்கு விதையும் கொடுத்து முறையையும் காட்டினார். 2018இல் சுவீடனிலே வழங்கப்படும் நல்வாழ்வுப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2023 டிசெம்பரிலே காலமானார். அவர் காட்டின் ஓரத்தை அயல் நகரம் வளர்ந்து வளர்ந்து நெருங்கிவிட்டது. காணிக்கு அளவுக் கல்லும் நட்டார்கள். காடு எவ்வளவு நிலைக்குமோ, குழி வெட்டும் முறை பரவிவிட்டது. நைஜரிலும் மாலியிலும் இன்று வரட்சி மாதங்களிலே ஆண்களும் பெண்களும் வெயிலில் நின்று குழி வெட்டுகிறார்கள். கைப்பிடி எருவை உள்ளே இட்டு மண்ணாலே மூடிவிட்டு, கறையான் வரட்டும் என்று விட்டுப் போகிறார்கள்.